மலை வீட்டு விருந்தாளி

ஓட்டலில் தங்குவதற்கும் ஒருத்தர் வீட்டில் தங்குவதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாள். "ஓட்டல்ல டீ ஆறிப்போயிருந்தா திருப்பி அனுப்பலாம் மாமி. வீட்ல அனுப்ப மனசு வராது" என்றேன். சிரித்தாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விவரமாக உங்களுக்கும் எழுதலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், நானும் இவரும் உத்தராகண்ட் மாநிலத்தில் குமாவுன் மலைப் பக்கம் போனோம். அல்மோரா ஜில்லாவில் ஒரு கிராமத்து வீட்டில் நாலு நாள் வாசம். டெல்லியிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை காத்கோதாம். தண்டவாளம் அதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் டாக்சிதான். வளைவுக்கு வளைவு வயிறு மேலே வரும். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி கிழங்கை ஒரு கை பார்த்துவிட்டும் ஏறாதீர்கள். அல்மோரா சுமார் 1,640 மீட்டர் உயரம்தான், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. அதனால் மூச்சு முட்டுமோ என்ற பயம் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் வண்டி வீட்டு வாசல் வரை போகுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். கைப்பிடி இல்லாத கல்படிகள் வேறு.

வீடு கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. கூரைக்குப் பலகைக் கல் வேய்ந்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் மாடுகள். அதை 'கோட்' என்கிறார்கள். மாடியில் மனிதர்கள். மாட்டின் சூடு மேலே ஏறி, குளிர்காலத்தில் தரை வெதவெதவென்று இருக்குமாம். வாசல் நிலை குள்ளம். இவர் நாலு நாளும் தலையில் இடித்துக்கொண்டார். வாசற்படியில் காவி பூசி, அரிசி மாவுக் கரைசலால் விரல் வைத்துக் கோலம் போட்டிருந்தது. அதற்கு 'ஐபண்' என்று பெயர். தீபாவளிக்கு லக்ஷ்மி பாதம்கூட உண்டாம். எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, கையை முஷ்டியாக மடக்கி மாவில் தோய்த்து வைத்துக் காட்டினாள் வீட்டுக்காரி. கோகுலாஷ்டமிக்கு நம் வீட்டில் கிருஷ்ணன் பாதம் வைக்கிறோமே, அச்சு அசல் அதே!

வீட்டுக்காரிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் 'தீதி' என்றேன். அவள் என்னை 'புலீ' என்றாள். திடுக்கிட்டேன். மலைப் பாஷையில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பகலெல்லாம் புலி என்று பெயர் வாங்கிக்கொண்டு, இருட்டினதும் நிஜச் சிறுத்தைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட நாளில் ஹிந்தி பிரசார சபாவில் மத்யமா வரை படித்தது இத்தனை வருஷம் கழித்துக் கைகொடுத்தது.

காலையில் நந்தாதேவியும் திரிசூலும் பொன்னாய் மின்னின. அதை வர்ணிக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அடுப்பங்கரைக்குப் போகிறேன்.

முதல் நாள் ராத்திரி எங்களுக்குப் பூரியும் பனீரும். மறுநாள் காலை பாக்கெட் நூடுல்ஸ். வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று இவர் முணுமுணுத்தார். அடுப்பு மூலையில் தீதியின் மாமியார் கறுப்பாய் ஒரு ரொட்டியை நெய்யும் வெல்லமும் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். "அது மடுவா. ஏழைங்க சாப்பாடு. உனக்கு வேண்டாம் புலீ" என்று தீதி தட்டை மறைக்கப் பார்த்தாள். கேட்காமலே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். நம் கேழ்வரகு!

"தீதி, எங்க ஊர்ல இதைத்தான் டாக்டரே சாப்பிடச் சொல்றார். பாக்கெட்ல போட்டு என்ன விலைக்கு விக்கறாங்க தெரியுமா?" என்றேன். விலையைக் கேட்டதும் கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் எங்களுக்குப் பனீர் வரவில்லை. மடுவா ரொட்டி, ஜங்கோரா என்கிற குதிரைவாலிச் சோறு, வறுத்த சணல் விதைத் துவையல் எல்லாம் வந்தன. 'பாங்'க்குச் செடியின் விதை என்றதும் இவர் மிரண்டார். விதையில் போதை கிடையாது, பயப்படாமல் சாப்பிடலாம்.

கொள்ளுப் பருப்புதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. அங்கே 'கஹத்' என்கிறார்கள். ஒரு கப் கொள்ளை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் இஞ்சி, பூண்டு, மஞ்சள்பொடி போட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். பாதியை மசித்து, ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, இரும்புச் சட்டியில் நிதானமாகக் கொதிக்கவிடுங்கள். நெய்யில் காய்ந்த மிளகாய், சீரகம், பெருங்காயம் தாளிக்க வேண்டியது. அவர்கள் கூடவே 'ஜக்கியா' என்று ஒரு விதை போடுகிறார்கள். நம் வயல் வரப்பில் நாய்க்கடுகு என்று பிடுங்கி எறிகிறோமே, அந்தச் செடியின் விதைதான். சிறுநீரகக் கல்லுக்கு இந்தப் பருப்பு நல்லது என்று அங்கேயும் சொல்கிறார்கள். கல் இருப்பவர்கள் பருப்பை நம்பி டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

தீதி எழுந்திருப்பது நாலரை மணிக்கு. மாட்டைக் கறந்து, சாணி அள்ளி, சரிவில் போய்ப் புல் அறுத்து, தலைச்சுமையாய்க் கொண்டுவந்து, குளிர்காலத்துக்காக மரத்தைச் சுற்றிப் போராய் அடுக்குகிறாள். அக்டோபரில் அதுதான் வேலை. நடுவில் எங்களுக்கு டீ கொடுக்க ஓட்டமாய் ஓடிவந்தாள். இரண்டாம் நாளே நான், "உங்களுக்கு எப்போ சௌகரியமோ அப்போ டீ போதும்" என்று சொல்லிவிட்டேன். வெந்நீரும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது. கோடையில் நின்றுவிட்டால் 'நௌலா' என்கிற பழைய கல் ஊற்றிலிருந்து தலையில் சுமக்க வேண்டும். அதை விறகில் சுடவைத்து வாளி வாளியாகக் கேட்பவர்கள் இருக்கிறார்களாம். ஆளுக்கு ஒரு வாளி தாராளம்.

வரிசையாய்ப் பதினொரு வீடுகள், ஏழில் பூட்டு. தீதியின் மகன் ஹல்த்வானியில் வண்டி ஓட்டுகிறான். பிள்ளைகள் படிப்புக்காக மருமகளும் அங்கேதான். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் அல்மோரா ஜில்லா ஜனத்தொகை சுமார் 8,000 குறைந்தது. அதே 2011 கணக்கில் அங்கே 1,000 ஆண்களுக்கு 1,139 பெண்கள். பெண்களுக்கு நல்ல காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் வேலை தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள், வயலும் மாடும் கிழவிகளும் பெண்கள் தலையில். மகன் தீதியையும் பூட்டிவிட்டு வரச் சொல்கிறான். "விருந்தாளி வர்ற மாசத்துல என் பேர்ல பேங்க்ல பணம் விழுது. அதனாலதான் இன்னும் பூட்டல" என்றாள்.

எங்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். இதில் பேரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. பேசினால் குறைத்துக்கொள்வாள்தான். குறைவது அவளுடைய மாட்டுத் தீவனம். இடையில் ஏஜென்ட் இருந்தால், வீட்டுக்காரிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அந்த மாநில அரசு 2018-ல் கொண்டுவந்த ஹோம்ஸ்டே திட்டத்தில், சொந்தக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆறு அறைக்கு மேல் கூடாது. எந்த ஊரானாலும் போனில் கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை: "வீட்டுக்காரங்க அங்கேயே இருக்காங்களா, யார் சமைக்கிறாங்க?" பதில் மழுப்பலாக வந்தால் அது லாட்ஜ்.

கிளம்புகிற அன்று தீதி ஒரு யோசனை கேட்டாள். கடன் வாங்கி, பழைய வீட்டின் ஒரு பக்கத்தை இடித்துவிட்டு, பால்கனி வைத்து இரண்டு சிமெண்ட் அறை கட்டலாம் என்கிறானாம் மகன். அப்போதுதான் டெல்லிக்காரர்கள் வருவார்களாம். அவனை முழுக்கத் தப்பு சொல்லவும் முடியவில்லை, சம்பாதிக்க வேண்டியவன் அவன். ஆனாலும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "முதல்ல கல்படிக்குக் கைப்பிடிக் கம்பி போடுங்க. பாத்ரூம்ல வழுக்காத தரை போடுங்க. சுவத்தைத் தொடாதீங்க. அந்தச் சுவத்துக்காகத்தான் நாங்க வந்தோம்." இவரும் அபூர்வமாக என் பேச்சை ஆமோதித்தார்.

இரண்டு கிலோ மடுவா மாவைக் கட்டிக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்தாள். மாமியார் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் போனில் பேசினேன். கம்பி போட்டாகிவிட்டதாம். கடன் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது, பெண் கன்று.