இல்லச் சிந்தனை: மேடையேறிய மகள்

திரையரங்கு இல்லாத ஊர் என்று பெயர் பெற்றது நம் காயல்பட்டினம். இன்றோ கைப்பேசி வழியே திரை எல்லா இல்லங்களிலும் புகுந்துவிட்டது. பழைய ஊமைப்படங்களையும் காண்கிறோம். 1925-இல் அமெரிக்காவில் வெளியான ‘சாலி, ஐரீன், மேரி’ அவற்றுள் ஒன்று. குழுவாக நடனமாடும் மூன்று பெண்களையும், அவர்களை நாடி வரும் ஆடவரையும் பற்றியது. செல்வன் ஒருவனை நம்பி மனமுடைந்த ஐரீன் இறுதியில் இரயில் மோதி மடிகிறாள். மேடைப்பெண்ணின் முடிவு இதுவே என்று அன்றைய உலகம் எண்ணியது.

நம் நாட்டில் ஒரு பெண் அதைப் பொய்யாக்கினார். 1911-இல் திருவையாற்றில் பிறந்த டி. பி. இராஜலட்சுமி, குழந்தை மணம் முறிந்தபின் நாடகமேடை ஏறினார். நடிப்பதே இழிவென்று கருதப்பட்ட காலம் அது. ஊமைப்படங்களில் நடித்து, 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதா’ஸில் நாயகியானார், 1936-இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் நிறுத்தியவர்கள், அந்த ஆணைக் கொண்டுவரவில்லை. நாமும் அவ்வாறே அல்லவா? கோயில் திருவிழா நாடகத்தில் நடித்த பெண்ணைப் பழிக்கிறோம்; அவளைப் பின்தொடரும் நம் மகனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவனை அருகில் அமர்த்திப் பேசுவோம்.