காலில் எழும் கட்டியும் கண்ணின் வரம்பும்

காலில் வலியின்றி எழும் சிறு கட்டியைக் கண்டு அஞ்சி நடுங்குவோரும் உண்டு. அலட்சியம் செய்வோரும் உண்டு. இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே: கண்ணால் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுகின்றனர்.

பாதத்தின் மென்திசுக்களில் எழும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. புறங்காலில் திரளும் நீர்க்கட்டி சாதாரணமானது. உள்ளங்காலில் நார்முடிச்சும், விரல்களின் தசைநாண் உறையில் வளரும் கட்டியும் தோன்றுவதுண்டு. உடலின் பிற பகுதிகளில் மலிந்து காணப்படும் கொழுப்புக் கட்டி பாதத்தில் அருமையாகவே தோன்றும். நகத்தடியில் கடுகளவே இருந்து, குளிர்ந்த நீர் பட்டதும் கடுமையாக வலிக்கும் குளோமஸ் கட்டியும் ஆபத்தற்றதே. ஆனால், சினோவியல் சார்கோமா என்னும் புற்றுநோய், இளைஞரிடத்திலும் தோன்றி, சிலபோது ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்ந்து, தீங்கற்ற கட்டியெனவே மயக்கும். ஆகவே சிறிய அளவோ வலியின்மையோ நன்மைக்குச் சான்றாகா.

இப்பாடத்தைத் தமிழகம் முன்பே கற்றது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் கில் என்பவர் விவரித்த கால்வீக்கத்திற்கு, 1846-இல் கோல்புரூக் ‘மதுரைக் கால்’ எனப் பெயரிட்டார். அது கட்டிபோல் தோன்றினும் கட்டியன்று. பூஞ்சையால் விளைவது என்பதைப் பம்பாயில் கார்ட்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார். பாக்டீரியாவாலும் அது உண்டாகும் என்பது பின்னர் தெளிவாயிற்று. வெளித்தோற்றம் ஒன்றே, இரண்டுக்கும் மருந்து வேறு. வேற்றுமையைக் காட்டுவது சோதனைக்கூடமே.

பனச்சமூடு போன்ற எல்லைச் சிற்றூர்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நோயாளியின் கால்களோ எல்லை பார்ப்பதில்லை. ஒரு மாநிலத்தில் கட்டியை அகற்றிக்கொண்டவர், அது மீண்டும் வளர்ந்தால் மறு மாநில மருத்துவரை நாடக்கூடும். முதல் அறிக்கை கையில் இல்லையேல் சிகிச்சை இருளில் தொடங்கும். எனவே அகற்றிய திசுவை எறிந்துவிடாது நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்புவதும், அதன் அறிக்கையை நோயாளியிடமே அளிப்பதும் விதியாதல் வேண்டும்.

களப்பணியாளரின் கடமை கட்டிக்குப் பெயரிடுவதன்று. அது எப்போது எழுந்தது, வளர்கிறதா, முன்பு அறுக்கப்பட்டதா, முள் தைத்ததுண்டா, துளைகளின் வழியே குருணை போன்ற மணிகள் கசிகின்றனவா என்று கேட்டுக் குறித்து, மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். நொண்டி நடக்கும் மாணவனின் காலை ஆசிரியரும் ஒருமுறை பார்த்தல் நன்று. சூடிடுவதும், சவரக்கத்தியால் கீறுவதும் அறவே தடுக்கப்பட வேண்டும். அச்சமும் அலட்சியமும் அகலவேண்டுமாயின், முடிவு கூறும் உரிமையைக் கண்ணிடமிருந்து பெற்று நுண்ணோக்கியிடம் ஒப்படைத்தலே வழி.