கூலி எங்க பேர் இல்ல

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்னு ஒரு பட்டியல் அடிக்கடி கண்ணில் படுது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, கடைசியில் 'கூலி'. கூடவே, தமிழன்டா என்று ஒரு வரி. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து லயங்களில் வளர்ந்த நாங்க கேக்குறோம்: அந்தக் கடைசிச் சொல்லில் பெருமைப்பட என்ன இருக்கு?

முதல்ல, அது நாம கொடுத்ததுதானா என்பதே முடிவாகல. குஜராத்தின் கோலி சமூகப் பெயர்தான் மூலம் என்பது ஒரு கட்சி. தமிழ்க் 'கூலி'தான் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

தமிழில் கூலி என்றால் ஆள் இல்ல, உழைப்பின் பலன். 619ஆம் குறளில் வள்ளுவர் அந்தப் பொருளில்தான் சொல்கிறார். கூலி வாங்குறவர் கூலிக்காரர். வெள்ளைக்காரன் வாயில் 'காரர்' காணாமப் போச்சு. சம்பளமே மனுசனா ஆச்சு. தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் மீது எறியும் வசவாகவே நிலைச்சுது.

சொல் ஊர் மாறினா பொருளும் மாறும், இதுல என்ன கோபம்னு கேப்பாங்க. மாறும்தான். லத்தீனில் சில்லறை வியாபாரியைக் குறித்த 'கௌபோ', பழைய ஜெர்மானிய மொழிக்குள் போய், இன்றைய ஜெர்மனில் 'கௌஃபென்', அதாவது 'வாங்குதல்' என்றாகி நிக்குது. ஆனா அந்த வியாபாரியை யாரும் கடன் சீட்டோடு கைமாத்தல. இங்கே கங்காணியின் 'துண்டு' முறையில் ஆள் தோட்டம் மாறினா கடனும் கூடவே மாறிச்சு. அதை ஒழிச்சதே 1921இல்தான்.

முடிஞ்சு போன கதையா? இன்னிக்கும் தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்துக்கு 'பேர்'னுதான் சொல்றோம். கொழுந்து கிலோ குறைஞ்சா 'அரைப்பேர்'. அன்னிக்குக் கூலியை எங்க பேராக்கினாங்க. இன்னிக்கு அந்தப் பேரையும் பாதியா வெட்டுறாங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாகவே 2021 வரை போராட வேண்டியிருந்தது.

பட்டியல் போடுற தோழர்களே, ஏற்றுமதியான சொல்லைக் கொண்டாடினது போதும். அதன் சொந்தப் பொருளுக்காக எங்களோட சேர்ந்து கேளுங்க: மலையில் நின்ன முழு நாளுக்கு முழுப்பேர்.