வெறும் பிளாஸ்டிக் அன்று

காரின் அடிப்புறத்தில் விரிசல் கண்ட பிளாஸ்டிக் மறைப்பைப் பற்றி இலக்கிய வாசகரிடம் பேச வந்ததற்குக் காரணம் ஒரு சொல். 'வெறும்' என்பதே அச்சொல். "வெறும் பிளாஸ்டிக்தானே அண்ணாச்சி, களட்டிப் போட்டிருவோம், சத்தமும் நின்னுரும்" என்று தூத்துக்குடிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். ஒரு பொருளின் முன்னால் 'வெறும்' வந்து நின்றுவிட்டால், அதன் பணி என்ன, அது போனால் எது கெடும் என்னும் கேள்விகள் அற்றுப்போகின்றன. இந்த அலட்சியத்தை மறுக்கவே இதை எழுதுகிறோம். இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து, "சின்ன விரிசலானாலும் முழுசாக மாற்றத்தான் வேண்டும்" என்று வரும் குரலையும் சேர்த்தே மறுக்கிறோம். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இதைச் செப்பனிடுவது யாருக்கும் தகுதியான வேலையன்று.

எஞ்சினுக்குக் கீழே திருகுகளாலும் கிளிப்புகளாலும் பொருத்தப்பட்டிருக்கும் மறைப்பைப் பட்டறையில் 'அண்டர் கவர்' என்பார்கள். சக்கர வளைவின் உட்புறம் கவிந்திருப்பது 'ஃபெண்டர் லைனர்'. முன்னது சாலை நீர் பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் மின்னிணைப்புகளிலும் தெறிக்காமல் தடுக்கிறது. ரேடியேட்டரைக் குளிர்விக்க வரும் காற்றுக்கு வழி வகுக்கிறது. பின்னது சக்கரம் வாரியடிக்கும் மணலும் சேறும் இரும்புத் தகட்டின் மூட்டுகளில் போய் அப்பிக்கொள்ளாமல் காக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வெப்பத்தில் இவை முறுகிப்போகின்றன. உயரம் மிகுந்த வேகத்தடை ஒன்றோ தெறித்து வந்த கல்லொன்றோ போதும், கீறல் விழுந்துவிடும். பெரும்பாலும் முதலில் உடைவது கிளிப்புத்தான். சில ரூபாய் விலையுள்ள கிளிப்பை உரிய நேரத்தில் மாற்றாததனால் மறைப்பு ஆடுகிறது, ஆடுவதனால் கிழிகிறது.

உள்நாட்டு ஊர்களில் இந்த அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பக்கிள் ஓடை கடலில் சேரும் திரேஸ்புரத்தில் பொறுக்க இயலாது. இங்கே காற்றே உப்பு. மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த நீர் தெருவில் தேங்கிக் கிடக்கும். அதன்மேல் ஓடும் சக்கரம் உப்பு மணலைத் தகட்டுக்குள் விசிறும். லைனர் இல்லாத வளைவில் அந்த மணல் ஈரப் பற்றுப்போல ஒட்டிக்கொண்டு, காய்வதும் கடற்காற்றில் மீண்டும் நனைவதுமாக இருந்து, உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் உரிமையாளருக்குச் செய்தி எட்டுகிறது. அதற்குள் தகட்டில் துளை விழுந்திருக்கும். 'வெறும் பிளாஸ்டிக்' காத்துவந்தது எதை என்பது அப்போதுதான் தெரிகிறது.

மறைப்பை மாட்டிவிட்டு மறந்துவிடுவதும் தகாது என்பதையும் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. வெள்ளத்தில் நின்ற கார்களின் இருக்கைகளை வெயிலில் உலர்த்தினோம். அடிமறைப்பின் மேல் படிந்த வண்டலை எத்தனை பேர் கழற்றிக் கழுவினோம்? நீர் வடிய விடப்பட்ட துளைகள் அடைபட்டால் காக்கவேண்டிய மறைப்பே ஈரத்தைத் தேக்கும் தொட்டியாகிவிடும்.

செப்பனிடும் மரபு இல்லாத ஊரா இது? பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து வள்ளத்தைக் கடலுக்கு அனுப்பிய கரை இது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் அடியில் விரிசல் கண்டால் ஓரங்களைத் தேய்த்து, கண்ணாடியிழைப் பாய் விரித்து, ரெசின் பூசி இறக்கிவிடுகிறார்கள். 'வெறும் ஃபைபர்' என்று கரையில் எவரும் சொல்வதில்லை. அந்த அடிமறைப்பை நம்பித்தான் உயிர் மிதக்கிறது.

ஆனால் அதே ரெசினைக் கொண்டுவந்து காரின் மறைப்பில் பூசுவது வீண் வேலை. அடிமறைப்புகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதில் படகு ரெசின் பற்றாது, சில நாளில் தோலாக உரிந்துவிடும். உரிந்ததைக் காட்டி, "பிளாஸ்டிக் ஒட்டாது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பொருளைப் படிக்கவில்லை. படிக்கவேண்டியது உண்மையிலேயே அதில் எழுதியிருக்கிறது: மறைப்பின் உட்புறத்தில் அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் பொதுவாக அச்சாகியிருக்கும். பிபி என்றிருந்தால் பிபி குச்சியைக் கொண்டே உருக்கி இணைக்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, விரிசல் முடியும் நுனியில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டால் அதற்கு அப்பால் அது ஓடாது. பிறகு விரிசல் நெடுகப் பள்ளம் வெட்டி, துருப்பிடிக்காத கம்பிவலையைச் சூட்டுக்கோலால் உள்ளே அழுத்தி, மேலே குச்சியை உருக்கி நிரப்பவேண்டும். திறந்தவெளியில் செய்வது நல்லது, புகை ஆகாது. அதுவும் இயலாதவர் இருபுறமும் துளையிட்டுக் கம்பியால் தைக்கலாம். வலை பொத்தத் தெரிந்த ஊருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. நைலான் நூல் மட்டும் புகைக்குழாயின் அருகே ஆகாது. கையால் வளைத்தால் அப்பளமாக நொறுங்கும் மறைப்பை மாற்றத்தான் வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. தொங்கிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவதோ ஆபத்து, சக்கரத்தில் சிக்கும்.

இனி, மாற்றச் சொல்லும் தரப்புக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த தேய்மானப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். காப்பீட்டு இழப்பீடு இன்றும் பெரும்பாலும் அதன் வழியிலேதான் கணக்கிடப்படுகிறது. உலோகத்துக்கு முதல் ஆறு மாதம் தேய்மானமே இல்லை; 50 விழுக்காட்டை எட்டப் பத்து ஆண்டு கடக்கவேண்டும். மரப்பாகங்களுக்கும் அதே மரியாதை. கண்ணாடியிழைக்கு 30. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கோ கார் கடையைவிட்டு இறங்கிய அன்றே 50. பிறக்கும்போதே பாதி செத்தது என்று சட்டத் தமிழில் சொல்லாமல் கணக்கில் சொல்லிவிட்டார்கள். இத்துடன் 1,500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயை நாமே ஏற்கவேண்டும். இழப்பீடு கேட்டால் அடுத்த ஆண்டின் போனஸும் போகும். ஆக, அடிமறைப்புக்காகக் காப்பீட்டை நாடுவது வீண்; செலவு முழுதும் உரிமையாளர் தலையில்தான். மாற்றச் சொல்பவருக்கு இதில் இழப்பு ஏதுமில்லை.

உதிரிபாகம் எவர் கையில் என்பது அடுத்த கேள்வி. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்கள் செய்த குற்றத்தை உறுதிசெய்து தொகையைக் குறைத்தது. 2022இல் ஒன்றிய அரசு 'பழுதுநீக்கும் உரிமை' என்று குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளம் திறந்தது. வாகனங்களும் அதில் அடக்கம். ஆனால் அது தகவல் பலகை, சட்டமன்று.

நம் துறையைச் சேர்ந்தவர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். பழையதை எறிவதற்கு நன்னூலின் 462ஆம் சூத்திரத்தைச் சான்றாக இழுப்பது நம்மவர் வழக்கம். பவணந்தியார் சொன்னது மொழி வழக்கைப் பற்றி. அவ்வாறு நிகழ்வது பிழையாகாது என்றார், எறிவது கடமை என்று அவர் சொல்லவில்லை. இலக்கணத்தை விற்பனைச் சீட்டாக்கும் வேலையைத் தமிழ் படித்தவர்களாவது நிறுத்தலாம்.

நாம் கேட்பது பெரிதன்று. விபத்தில் அடிபட்ட காரைப் பார்க்க வரும் சர்வேயர் பிளாஸ்டிக் என்றதும் 'மாற்று' என்று எழுதுவதற்கு முன் அந்த மறைப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கட்டும். வளைகிறது என்றால் 'செப்பனிடு' என்று எழுதட்டும். பாகத்தின் விலையில் பாதியைக் கழிக்கும் பட்டியல் கூலியில் தேய்மானம் கழிப்பதில்லை. வண்டிக்காரர்களே, பட்டறையைவிட்டு அகலுமுன் இதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய மறைப்பையும் கையோடு வாங்கி வாருங்கள். அடுத்த விரிசலுக்குக் குச்சி வெட்ட உதவும்.