புள்ளலூரைப் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

ஆகஸ்ட் 15 வருகிறது, போகிறது. காஞ்சிபுரத்தில் அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆடி முடியும் தறுவாய். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க லீவு நாள்தான் தோது என்று வெளியூர் வண்டிகள் வந்து நிற்கின்றன. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் வாசலில் மூவர்ணக் கொடி. பக்கத்திலேயே தள்ளுபடி அறிவிப்பு.

அந்தக் கொடிகளில் பல பாலியஸ்டர் கொடிகள். கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் தேசியக் கொடி இருக்க வேண்டும் என்ற விதியை 2021 டிசம்பரில் தளர்த்தினார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர்க்காரர்களான நாம் அதைப் பற்றி உரக்கப் பேசினோமா? அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு சுதந்திர தினத்தன்று நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனிடம் கேட்டேன்: "இன்னைக்கு என்னப்பா விசேஷம்?"

"லீவு சாச்சா. கொடி ஏத்தி மிட்டாய் கொடுத்தாங்க."

"யார்கிட்ட இருந்து சுதந்திரம் வாங்கினோம்?"

"வெள்ளைக்காரன்கிட்ட."

"அவனை எதிர்த்து நம்ம ஊர் பக்கத்துல நடந்த சண்டை தெரியுமா?"

பையன் அத்தாவைப் பார்த்தான். அத்தா டி.வி.யைப் பார்த்தார்!

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னால்தானே தெரியும்!

காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய பத்து மைல் தூரத்தில் இருக்கிறது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை, ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் அங்கேதான் வளைத்தார்கள். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த பெய்லியிடம் சுமார் 3,800 பேர். அவர்களுக்காகக் காஞ்சிபுரத்தில் காத்திருந்தார் இன்னொரு தளபதி, ஹெக்டர் மன்றோ. இரண்டு படைகளும் சேர்ந்துவிடக் கூடாது என்பதே மைசூர்ப் படையின் திட்டம். சேர விடவில்லை. மைசூரின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பாய்ந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, பெய்லி சிறைப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே 1782ல் இறந்தும் போனார். செய்தி கேட்ட மன்றோ என்ன செய்தார் தெரியுமா? தூக்கிச் செல்ல முடியாத பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். நம் ஊர்க் குளத்தில்!

அந்தக் காலத்தில் இந்தியாவில் கம்பெனி சந்தித்த மிகப் பெரிய தோல்விகளில் இது ஒன்று. இந்தப் போரை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டி வைத்தார் திப்பு. இதே போரைக் காட்டும் ஓவியம் ஒன்று 2022ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. லண்டனில் விலை தெரிகிறது. காஞ்சிபுரத்தில் கதை தெரியவில்லை.

புள்ளலூரில் இன்றும் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவை 1781 ஆகஸ்ட் 27ல் அதே இடத்தில் நடந்த இரண்டாவது போரில் மாண்ட கம்பெனி அதிகாரிகளின் நினைவுக்காக எழுப்பப்பட்டவை. அவர்கள் தங்கள் ஆட்களை மறக்கவில்லை. நாம்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மேடையில் ஏறி, "நாங்களும் ரத்தம் சிந்தினோம்" என்று பெயர்ப் பட்டியல் வாசித்து இறங்கும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. யாரோ நம்மை அந்நியன் என்று சொல்லிவிட்டான் என்பதற்காக அவனிடம் சான்றிதழ் வாங்கப் பாடும் பாட்டு அது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது பட்டியல் அல்ல, வரலாறு. வரலாற்றைச் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தையும் உள்ளிட்ட செங்கற்பட்டு ஜாகீரை 1763ல் கம்பெனிக்குக் கொடுத்தவர் யார்? ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா! அதே கம்பெனியை விரட்ட வந்தவர் ஹைதர். இருவரும் முஸ்லிம்கள். ஹைதரின் படையில் இந்துக்கள் ஏராளம். கம்பெனிப் படையிலும் பெரும்பான்மை நம் நாட்டுச் சிப்பாய்களே. ஹைதரின் குதிரைப்படை நுழைந்தபோது இந்தப் பக்கத்துக் கிராமங்கள் எரிந்ததையும் மறைக்கக் கூடாது. மன்னர்கள் தங்கள் அரசுக்காகவே போரிட்டார்கள். ஆனாலும் அந்நியக் கம்பெனியை வீழ்த்த முடியும் என்று இந்த மண்ணில் காட்டிய நாள் அது. இதை உள்ளபடி கேட்டு வளர்ந்த பிள்ளை, எவன் வந்து எந்தப் பொய்யைச் சொன்னாலும் தடுமாற மாட்டான்.

ஆகஸ்ட் 15க்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊர் ஒரு காலத்தில் விவாதித்திருக்கிறது. 1947ல் பெரியார் அதைத் துக்க நாள் என்று அறிவித்தார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த 'திராவிட நாடு' இதழில் அறிஞர் அண்ணா, தம் தலைவருக்கே மாறாக, அது மகிழ வேண்டிய நாள் என்று எழுதினார். அன்று அந்த நாளைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. இன்று ஒரு கருத்தாவது இருக்கிறதா?

வியாபாரப் பெருமக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். நம் கடைகளில் எத்தனை கடைப் பையன்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி சுதந்திர தினத்தன்று டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார். கொடியை அவரேதான் ஏற்றினார், அந்தப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து.

இளைஞர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த ஆகஸ்ட் 15 அன்று ஒலிமுகமதுபேட்டையிலிருந்து ஒரு வேன் போதும். தெருப் பிள்ளைகளையும், பக்கத்துத் தெரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும், விடுமுறை கிடைத்தால் கடைப் பையன்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் புறப்பட்டால், புள்ளலூர்த் தூண்களைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டு, லுஹருக்குள் திரும்பிவிடலாம்.