விடை சொல்லாதீர், பக்கத்தில் அமருங்கள்

சிராங்கூன் சாலையிலிருந்து பீட்டி சாலைக்குள் திரும்பினால் சிண்டாவின் தலைமையகத்தைக் காணலாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991-ஆம் ஆண்டு தோன்றியதற்குக் காரணம், நம் பிள்ளைகள் படிப்பிலே பின்தங்கியதுதான். கணக்குப் பாடம் இன்றும் நமக்குச் சங்கடமாகவே இருந்து வருகிறது. 2023-இல் நடந்த உலகக் கணிதப் போட்டியாய்வில் சிங்கப்பூர் மாணவர் முதலிடம் பெற்றனர். ஆனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் கணிதத்தில் நம் இனத்துப் பிள்ளைகளின் தேர்ச்சி நாட்டுச் சராசரிக்குக் கீழே நிற்பதைக் கல்வி அமைச்சின் புள்ளிகள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கின்றன.

பணம் உள்ளவர் டியூஷன் வைக்கிறார். 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி இந்நாட்டுக் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவிட்டது ஏறத்தாழ 180 கோடி வெள்ளி! அந்தப் பந்தயத்தில் தொழிலாளி ஓட முடியாது. சிண்டாவின் வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடப்பது நமக்கு ஆறுதல். ஆனால் வகுப்பு வாரத்திற்குச் சில மணி நேரந்தான். வீட்டுக் கணக்கோ தினந்தோறும் இரவில் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது.

அங்கே நடப்பதை நாம் அறிவோம். வேலை முடிந்து களைத்து வந்த தகப்பனார் ஒருவர் பென்சிலைப் பிடுங்கித் தாமே கணக்கை முடித்து, "எழுதிக்கொள்" என்கிறார். இன்னொருவர், "நான் படிக்காதவன், நாளைக்கு டீச்சரைக் கேள்" என்று எழுந்து போகிறார். இருவரும் பிள்ளையைத் தனியே விட்டவர்களே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அண்ணனிடமும் தங்கையிடமும் சேர்த்து 84 வெள்ளி இருக்கிறது. அண்ணனிடம் 12 வெள்ளி அதிகம். ஆளுக்கு எவ்வளவு? பிள்ளை 84-ஐ இரண்டாக வகுத்து 42 என்கிறான். அண்ணனுக்குப் பன்னிரண்டைக் கூட்டி 54 என்கிறான். அடிக்கடி நேரும் தவறு இது. "மடையா" என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர். "ஐம்பத்து நாலையும் நாற்பத்திரண்டையும் கூட்டிப் பாரப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். 96 வரும். பிள்ளை தானே விழிப்பான். இதற்குப் பட்டப்படிப்பு எதற்கு?

இனி வழி. தங்கைக்கு ஒரு கட்டம் போடு; அண்ணனுக்கு அதே அளவில் ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் 12 என்று ஒரு துண்டு ஒட்டு. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் 72 மிச்சம். இரண்டு சம கட்டம், ஒன்று 36. தங்கைக்கு 36, அண்ணனுக்கு 48. கட்டம் போடும் இம்முறை 1980-களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் உருவாகி, இப்போது வெளிநாட்டாரும் கற்றுக்கொள்வது. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கணக்கு வரும்போது அந்தக் கட்டத்திற்கே ஒரு பெயர் வைத்து 'எக்ஸ்' என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரியாத பெற்றோர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'எக்ஸ்' போட்டுக் காட்ட, பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பிள்ளை குழம்புகிறான்.

நமக்குக் கணக்கு வராது என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. நம்மிற் பலர் ரப்பர்த் தோட்டத்து வழி வந்தவர்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வேண்டும் என்று மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. பல பள்ளிகளில் எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அதையும் பாராதவர் பலர். ஆனால் பால் நிறுக்கும் இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் கணக்கைக் கற்றான். 40 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு 35 என்றால் 14 கிலோ. அதை 30 என்று எழுதிவிட்டால் 12 கிலோ. இரண்டு கிலோவின் கூலி போயிற்று. கேட்கத் தெரியாதவன் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திணறுகிற சதவீதக் கணக்கு இதுவேதான். தாத்தாவின் கதையாக இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

சிண்டாவிடம் நாம் ஒன்று கேட்கிறோம், உரிமையோடுதான் கேட்கிறோம். 2015-இல் வகுத்த விகிதப்படி 1,500 வெள்ளிக்கு மேல் 2,500 வரை சம்பளம் வாங்குபவர் மாதம் 5 வெள்ளி அச்சங்கத்திற்குத் தருகிறார், ஆண்டுக்கு 60. பிள்ளைக்கு நடக்கும் வகுப்பைப் போலவே, பெற்றோருக்கும் தமிழிலேயே, கட்டம் போடும் முறையைச் சொல்லித் தரும் வகுப்பு ஒவ்வொரு மையத்திலும் வேண்டும். பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள். ஞாயிறு மாலை தேக்காவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.