பாடம் சொல்லாத கல்லூரி

கல்லூரி என்பது கற்கும் இடம். சீவகசிந்தாமணியிலே காணப்படும் அப்பழஞ்சொல்லுக்கு வேறு பொருள் கொள்ள நாம் பழகியதில்லை. ஆகவே, எம்மிடம் தமிழ் பயின்று 2010ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவர், "ஐயா, என்னை ஒரு கல்லூரியிற் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அக்கல்லூரி எனக்குப் பாடம் எதுவும் சொல்லித் தருவதில்லை" என்று எழுதியபோது யாம் திகைத்தோம். பாடஞ் சொல்லாத இடத்துக்குக் கல்லூரி என்று பெயர் வைப்பானேன்? விடுதி என்றாற் போதாதோ? பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பும் பழைய மாணவர் சிலரும் எம்மிடம் இதே வினாவைக் கேட்டதுண்டு. ஆதலின் எமது கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

ஒக்ஸ்போட்டிலும் கேம்பிறிட்ஜிலும் உள்ள கல்லூரிகளின் செய்தி வேறு. அவை தமக்கெனச் சொத்தும் சட்டமும் உடையவை. மாணவரைத் தாமே தெரிந்து சேர்ப்பவை. ஓரிருவராக இருத்திப் பாடமும் சொல்பவை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிறிட்ஜிலே கிறைஸ்ற்ஸ் கல்லூரி மாணவர் என்று நாம் சொல்லும்போது, அவர் அங்கே கற்றார் என்பதே பொருள். யோர்க் அவ்வாறன்று. அங்கே கற்பிப்பதும் பரீட்சை நடத்துவதும் பல்கலைக்கழகமும் அதன் துறைகளுமே. கல்லூரிக்கு எஞ்சுவது மாணவன் உறங்கும் அறையும், உண்ணும் இடமும், கூடிப் பேசும் மண்டபமும். எஞ்சுவது என்றோம்; அவ்வெச்சத்தைச் சிறிதென்று கருதியது எமது பிழை.

யோர்க் பல்கலைக்கழகம் 1963இல் 230 மாணவரோடு தொடங்கியது. நகருக்கு வெளியே, ஹெஸ்லிங்ரன் என்னும் சிற்றூரை அடுத்த ஈரநிலத்திலே வளாகம் அமைத்தனர். நீரை வடிக்க வேண்டியிருந்தமையால் ஒரு செயற்கை ஏரியை ஆக்கி, அதனைச் சூழக் கல்லூரிகளை எழுப்பினர். பாடசாலைகளை விரைவிற் கட்டுதற்கென அந்நாட்டு உள்ளூராட்சிச் சபைகள் கூடி வகுத்த முறையின்படி, முன்னரே வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளை உருக்குச் சட்டங்களிற் பொருத்திய கட்டடங்கள் அவை. அவற்றை அழகென்று எம் மாணவர் ஒப்பவில்லை. ஏரியையும் அதிலுள்ள வாத்துகளையுமே ஒப்பினார். (நடைபாதையை அவ்வாத்துகள் ஆக்கிவைக்கும் கோலத்தைப் பற்றி அவர் எழுதியதை ஈண்டு எழுதோம்.) முதல் துணைவேந்தர் றஷோம் பிரபு ஜேம்ஸ், மஞ்செஸ்ரர் கிறமர் பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்தவர். பள்ளி ஆசிரியர் ஒருவர் துணைவேந்தராயினார் என்பதைப் படித்து யாம் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்பர்கள் பொறுத்தருள்க.

முதலிரு கல்லூரிகளாகிய டேர்வென்ற், லாங்வித் என்பன 1965இல் திறக்கப்பட்டன. மாணவர் அறைகளோடு விரிவுரையாளர் அறைகளும் வகுப்பறைகளும் போசனசாலையும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது அக்காலத்துத் திட்டம். ஆய்வுகூடம் வேண்டிய விஞ்ஞானத் துறைகளுக்கு மட்டும் தனிக் கட்டடங்கள். கூரையிட்ட நடைபாதைகள் மழைக்கு நனையாமல் ஒரு கல்லூரியினின்று மற்றொன்றுக்கு இட்டுச்செல்லும். பேராசிரியரும் முதலாண்டு மாணவனும் ஒரே வாயிலாற் புகுந்து, ஒரே மண்டபத்தில் உணவுத் தட்டை ஏந்தி நிற்கவேண்டும் என்பதே கருத்து. பாடம் சொல்லுதல் துறையின் கடன். ஆளை ஆளாக அறிதல் கல்லூரியின் கடன்.

இவ்வறிதல் எத்தகையது என்பதற்கு எம் மாணவர் எழுதிய ஒரு நிகழ்ச்சியே போதும். முதலாவது மாரிகாலம். பிற்பகல் நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடுகிறது. விரிவுரை மண்டபத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர். இவர் வந்தாரா வரவில்லையா என்று பார்ப்பார் இல்லை. காய்ச்சலும் வீட்டு நினைவும் சேர்ந்து வருத்த, இவர் மூன்று நாள் அறையை விட்டு வெளியேறவில்லை. அண்டை அறையினரோ தத்தம் கட்டுரை வேலையில் மூழ்கியிருந்தனர். மூன்றாம் நாள் மாலை கதவைத் தட்டியவர் விரிவுரையாளருமல்லர், மருத்துவருமல்லர். கல்லூரி வாயிலில் இருந்து கடிதங்களையும் திறப்புகளையும் கொடுக்கும் பணியாளர். "உன் கடிதங்கள் எடுபடாமற் கிடக்கின்றன, சுகமில்லையோ?" என்று கேட்டாராம். இவர் பெயரை அவர் பிழையாகத்தான் உச்சரித்தார், ஆயினும் உச்சரித்தார். அன்றிரவு சமையலறையில் எவரோ சூப் காய்ச்சிக் கொடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் உள்ள இடத்திலே ஒருவன் காணாமற்போனால் அறிவார் யார்? சில நூற்றுவர் உள்ள இடத்திலேதான் அறிவர். கல்லூரி எதற்கு என்ற எமது வினாவுக்கு அப்போதே பாதி விடை கிடைத்தது.

மற்றைப் பாதி அத்துணை இனியதன்று. இன்று அங்கு பயில்வோர் இருபதினாயிரம் அளவினர், கல்லூரிகள் 11. துறைகள் பல தமக்கெனத் தனிக் கட்டடங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. மாணவரிற் பெரும்பாலோர் தாமே சமைத்து உண்கின்றனர். முதலாண்டு முடிந்ததும் பலர் நகரிலே வாடகை வீடு பிடித்துக் கல்லூரியின் பெயரை மட்டும் உடன் கொண்டு போகின்றனர். 2012இல் லாங்வித் கல்லூரியே பெயர்ந்தது! கிழக்கே புதிய வளாகத்திலே புதிய கட்டடங்களுக்கு அப்பெயர் சென்றது. பழைய கட்டடங்களை டேர்வென்ற் எடுத்துக்கொண்டது. எம் மாணவர் அப்போது இறுதியாண்டிலே நகரில் வசித்தவர். "நான் உறங்கிய அறைக்கு வேறு கல்லூரியின் பெயர், என் கல்லூரியின் பெயர் தாங்கிய கட்டடத்திலே எனக்கு ஓர் அறையும் தெரியாது. இனி நான் எந்தக் கல்லூரியான், ஐயா?" என்று எழுதினார். விளையாட்டாக எழுதியதுபோற் காட்டினும் அது விளையாட்டன்று என்பது எமக்கு விளங்கிற்று.

கல்லூரி முறை வீண் செலவென்பாரும் உளர். 1961இல் தோன்றிய சசெக்ஸும் 1965இல் தோன்றிய வோர்விக்கும் இத்தகைய கல்லூரிகளின்றியே புகழ் பெற்றன என்பர். அது மெய். கல்விப் புகழுக்குக் கல்லூரி இன்றியமையாததென்று யாமும் வாதியோம். துணிவுள்ள பிள்ளை எங்கும் நண்பரைத் தேடிக்கொள்வான். கூச்சமுள்ள பிள்ளையின் கதியே எமது கவலை. அவனை நோக்கியே யாம் கல்லூரியை வேண்டுகின்றோம். ஆனால் ஆசிரியர் நீங்கி, பொதுப் பந்தியும் நீங்கி, பெயர்ப் பலகையும் விளையாட்டுச் சட்டையின் நிறமுமே மிஞ்சுமாயின், அது கல்லூரியாகாது. பெயரிட்ட வாடகை அறைகளேயாகும். லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தோடு 1965 தொடக்கம் நடைபெறும் 'றோசாப்பூப் போட்டி'யிலே யோர்க் மாணவர் கூடி ஆரவாரிப்பது கண்டு மகிழலாம். ஆரவாரம் அடங்கிய பின் கதவைத் தட்டுவார் உளரா என்பதே எமது கேள்வி.

நிற்க. ஆங்கிலேயர் பாடசாலைகளினின்று நாம் எடுத்துக்கொண்ட இல்லமுறையும் இக்கல்லூரி முறைக்கு உறவினதே. எமது இல்லங்கள் எங்ஙனம் உள்ளன? மெய்வல்லுநர் போட்டிக்கு இரு கிழமை முன்னர் விழித்து, கொட்டில் அலங்கரித்து, கிண்ணம் பெற்றோ பெறாமலோ மறுநாளே உறங்கிவிடுகின்றன. இல்லப் பொறுப்பாசிரியராகப் பல்லாண்டு இருந்த யாமே, எமது இல்லத்துப் பிள்ளைகளிற் பாதிப்பேரின் பெயரை அறியாதிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புகின்றோம்.

யூபிலி நிதியைக் கொண்டு மேலும் ஒரு மாடி எழுப்பலாம் என்று சங்கக் கூட்டங்களிலே பேச்சு நடக்கின்றது. எழுப்புக. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கிழமைக்கு ஒருநாள் இல்லந்தோறும் ஆசிரியரும் மாணவரும் ஒரு பந்தியில் இருந்து உண்ண வகைசெய்தல் வேண்டும் என்று கேட்கின்றோம். வருகைப் பதிவேட்டைக் கையிற் கொண்டு முதற் பந்தியிலே வந்தமர யாம் ஆயத்தம்.